ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

"இரைச்சல் நின்றுவிட்டது, மாமா. ஆனால் இப்போது கணினிப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறது" என்று காங்கேசன்துறையிலிருந்து ஒரு மாணவி நமக்குத் தொலைபேசியிற் சொன்னபோது, நாம் கேட்ட முதற் கேள்வி, "இரைச்சலை நிறுத்தியவர் யார்?" என்பதே. அயலிலே மின்வேலை தெரிந்த ஒருவர் வந்தாராம். கணினியின் பிளக்கைத் திறந்து ஏதோ ஒரு வயரைக் கழற்றினாராம். அத்துடன் இரைச்சல் அடங்கிற்றாம். அந்த வயர் பச்சையும் மஞ்சளும் கலந்ததா என்று கேட்டோம். ஆம் என்றாள். பிளக்கை உடனே சுவரிலிருந்து எடுத்துவிடும்படியும் நாம் வரும்வரை கணினியைத் தொடவேண்டாமென்றும் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

கணினியோடு ஒலிபெருக்கியையோ மைக்கையோ பூட்டியதும், பேச்சும் பாட்டும் எழுமுன்னே "ம்ம்ம்" என்று ஒரு முரலல் எழுவதைக் கேட்டு மனம் சலித்தவர்கள் நம் நேயர்களிற் பலர் இருப்பர். அதற்குக் கைகண்ட மருந்து என்று ஊரூராய்ச் சொல்லப்படுவது இந்தப் பச்சை மஞ்சள் வயரைக் கழற்றுவதேயாகும். மருந்து வேலை செய்யும் என்பதிலே ஐயமில்லை. வேலை செய்வதுதான் அதன் ஆபத்து. ஆகையால் இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

நாம் சென்ற வீடு கடற்கரைக்கு அணித்தாக உள்ளது. அவ்வீட்டார் 1990ஆம் ஆண்டு ஊரோடு இடம்பெயர்ந்து, பல்லாண்டு கழிந்து காணி விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பி வந்தவர்கள். முதலில் பின்பக்கத்து அறைகள் இரண்டையும் கட்டிக் குடிபுகுந்தனர். கையிற் காசு சேர்ந்தபின் முன்மண்டபத்தைக் கட்டினர். இந்தச் செய்தியை ஏன் சொல்கின்றோம் என்பது பின்னர் விளங்கும். மாணவியின் அப்பப்பா எண்பது வயதைக் கடந்தவர். 1950ஆம் ஆண்டு தொடங்கிய சீமேந்துத் தொழிற்சாலையை நாளும் பார்த்து வளர்ந்தவர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதையும் நினைவில் வைத்திருப்பவர். அவர் வாய்மொழியாகவே ஊரின் கதையைக் கணினியிற் பதிவுசெய்து, கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினருக்கு அனுப்பவேண்டும் என்பது பேத்தியின் எண்ணம். மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சிறு மிக்சர் ஒன்றை இரவல் வாங்கி, அதிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், பெரியவரின் குரலுக்கு அடியிலே ஒரு வண்டு இடையறாது முரன்றுகொண்டிருந்தது. அவர் குரலோ மெல்லியது. வண்டின் குரல் அதைவிடப் பெரியது.

அந்தப் பழைய பதிவை நமக்குப் போட்டுக் காட்டியபோது, பெரியவர் தலையை அசைத்து, "தம்பி, இது எங்கட டைனமோ றேடியோ போட்ட சத்தமல்லோ" என்றார்.

அவர் சொன்னது முக்காற்பங்கு உண்மை. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. இளைய நேயர்களுக்காகச் சொல்கின்றோம். அக்காலத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு இடும் மின்கலங்களோ தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு வானொலியை இயக்கினர். டைனமோ தருவது திசைமாறி ஓடும் மின்சாரம். வானொலிக்கு வேண்டுவது ஒரே திசையில் ஓடுவது. இடையில் நான்கு டயோட்டுகளை வைத்துத் திசையை ஒழுங்குபடுத்துவர். ஆயினும் அது அலையலையாகவே வரும். அந்த அலைகளைத் தணித்துச் சமமாக்கக் கொள்ளளவி ஒன்று வேண்டும். பெரிய கொள்ளளவி கிடைத்த வீட்டிற் செய்தி தெளிவாகக் கேட்டது. கிடையாத வீட்டில் வாசிப்பவரின் குரலோடு ஒரு முரலலும் சேர்ந்தே கேட்டது. மிதிப்பவரின் கால் சோர்ந்தால் முரலலின் சுருதி இறங்கும்; அவர் உற்சாகங் கொண்டால் ஏறும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்குக் கால் சோர்வதில்லை. இலங்கையில் அது 230 வோல்ட். விநாடிக்கு 50 முறை ஒரு சுற்றை முடிப்பது. ஆகவே அதனால் எழும் முரலல் 50 ஹேர்ட்ஸ் என்ற சுருதியிலோ, அதன் மடங்குகளான 100, 150, 200 என்பவற்றிலோ நிலைத்து நிற்கும். டைனமோவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே.

இந்த நிலைத்த சுருதியைப் பற்றி இங்கே ஒரு சுவையான செய்தி. நிலைத்தது என்றோமே, அது முற்றும் சரியன்று. நாட்டிலே மின்சாரத் தேவை கூடும்போதும் குறையும்போதும் 50 என்பது 49.9 ஆகவும் 50.1 ஆகவும் சிறிதளவு ஆடும். ஒரே மின்வலையில் இணைந்த எல்லா இடத்திலும் இந்த ஆட்டம் ஒரே நேரத்தில் ஒன்றுபோலவே நிகழும். ருமேனியாவைச் சேர்ந்த கத்தாலின் கிரிகொராஸ் என்னும் ஆய்வாளர், ஓர் ஒலிப்பதிவிலுள்ள முரலலின் ஆட்டத்தை மின்வலையின் பதிவோடு ஒப்பிட்டு, அந்த ஒலி எந்நாள் எந்நேரம் பதியப்பட்டது என்று கண்டறியும் முறையை வளர்த்தார். இலண்டன் மாநகரப் பொலிசாரின் ஆய்வுகூடமும் 2005ஆம் ஆண்டு முதல் இந்த முரலலை இடைவிடாது பதிந்து வரலாயிற்று. நீதிமன்றத்துக்கு வரும் ஒலிநாடா வெட்டி ஒட்டப்பட்டதா என்று அறிய அது உதவிற்று. இன்று காங்கேசன்துறையிற் பதிந்த முரலலும் மாத்தறையிற் பதிந்த முரலலும் ஒன்றாக ஆடும். கடலுக்கு அப்பால் நாகபட்டினத்திற் பதிந்தது வேறாக ஆடும். நாம் தொல்லை என்று துரத்துவது இன்னொருவருக்குச் சாட்சியாகின்றது! பேத்தி இதனைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இரைச்சலை விட்டுவிடலாமா?" என்று குறும்பாகக் கேட்டாள். அப்பப்பாவின் முகத்தைப் பார்த்தபின் அந்த யோசனை கைவிடப்பட்டது.

இனி வீட்டுக் காரியத்துக்கு வருவோம். முதலிற் பிளக்கைத் திறந்து பார்த்தோம். பச்சை மஞ்சள் வயர் கழற்றப்பட்டு, முனையிற் கறுப்பு நாடா சுற்றப்பட்டிருந்தது. இதுவே புவித்தொடுப்பு வயர். பேச்சு வழக்கில் ஏர்த் என்பது. கணினிப் பெட்டியின் உலோக உடலை நிலத்தோடு இணைப்பது இது. பெட்டியின் உள்ளே மின்சாரம் தாங்கிய வயர் ஒன்று தேய்ந்து உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் இவ்வழியே நிலத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்து, வீட்டைக் காக்கும். இவ்வயர் இல்லையேல் பெட்டி 230 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கும். அதனைத் தொடும் மனிதனே அப்போது நிலத்துக்கு வழியாவான். ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும், அவன் உடலிலே மின்சாரம் பாய்ந்த பின்னரே விழும். சுவிட்ச் பழுதாயிருந்தால் அதுவும் இல்லை.

பழுது ஒன்றும் இல்லாத கணினி ஏன் சுள்ளென்றது? அதற்குக் காரணம் வேறு. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பகுதியில், இரைச்சலை வடிப்பதற்கென்றே இரண்டு சிறு கொள்ளளவிகள் உண்டு. ஒன்று உயிர்வயரிலிருந்து உடலுக்கும், மற்றது நடுவயரிலிருந்து உடலுக்குமாக அமைந்தவை. ஏர்த் இருக்கும்போது இவற்றாற் கசியும் சிறு மின்னோட்டம் யாரும் அறியாமல் நிலத்துக்குப் போய்விடும். ஏர்த் அறுந்தால், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட உடல் 230இற் பாதியாகிய சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசியும் ஓட்டம் ஒரு மில்லி அம்பியரிலும் குறைவு, ஆகவே கொல்லாது. வெறுங்காலோடு சீமேந்துத் தரையில் நிற்பவருக்குச் சுள்ளென்று மட்டும் காட்டும். 30 மில்லி அம்பியரில் விழுமாறு அமைந்த ட்ரிப் சுவிட்ச் இதனைக் கவனிக்கவும் மாட்டாது. அந்தப் பெண் மிக்சருக்குப் போகும் கம்பியைக் கழற்றிய பின்னரே சுள்ளென்றது என்றாள். அதுவரை கணினிக்கு ஏர்த்தாக இருந்தது எது தெரியுமா? அந்த ஒலிக்கம்பியைச் சுற்றியுள்ள, தலைமயிர் போன்ற செப்பு வலைதான்!

பிளக்கில் வயரை மீண்டும் பூட்டினோம். முரலலும் மீண்டு வந்தது. வரவேண்டியதுதான், நாம் அதனைத் தேடித்தானே வந்தோம்.

முரலல் வரும் வழியைத் தேடுவோர் ஒரு முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டு, நின்றதே என்று மகிழ்வோர் எது நிறுத்திற்று என்பதை அறியார். மிக்சரைக் கழற்றிவிட்டு, கணினியில் நேரே காதுக்கருவியை மாட்டிக் கேட்டோம்; அமைதி. மிக்சரிலே நேரே காதுக்கருவியை மாட்டினோம், அதுவும் அமைதி. இரண்டையும் கம்பியால் இணைத்தோம்; வண்டு வந்தது. ஆகவே கணினியிலும் குற்றமில்லை, மிக்சரிலும் குற்றமில்லை. இரண்டும் சேர்வதிலேதான் குற்றம்.

கணினி முன்மண்டபத்துச் சுவரில் மின்சாரம் பெற்றது. மிக்சரோ, அங்கே துளை போதாமையாற் பின்னறையிலிருந்து இழுத்துவந்த வயரிற் பெற்றது. பின்னறைகளின் ஏர்த், வீட்டின் பிரதான பலகை வழியாகக் கிணற்றடியிற் புதைத்த கோலுக்குச் சென்றது. முன்மண்டபத்தைப் பின்னர் வயர் செய்தவர், பிரதான பலகைக்கு ஏர்த்தைக் கொண்டுபோகாமல், யன்னலுக்கு வெளியே ஒரு புதுக்கோலை அடித்து அதிலே முடித்திருந்தார். அடித்திருந்தார் என்பதும் மரியாதைக்காகச் சொல்வதே. காங்கேசன்துறை நிலம் எத்தகையது என்பதை அங்கே சீமேந்துத் தொழிற்சாலை எழுந்த காரணமே சொல்லும்: செம்மண்ணை இரண்டடி தோண்டினாற் சுண்ணாம்புக்கல். கோல் அந்தக் கல்லிலே முட்டி, பக்கமாக வளைந்து நின்றது. வறண்ட கல்லிலே நிற்கும் கோலுக்கும் ஈரமான கிணற்றடியில் நிற்கும் கோலுக்கும் இடையே நிலம் ஒன்றாயினும் மின்னழுத்தம் ஒன்றன்று. குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம் முதலியன கசியவிடும் சிறு ஓட்டங்கள் தத்தம் கோலை நாடும்போது, இரண்டு கோல்களுக்கும் இடையே ஒரு சிறு அழுத்த வேறுபாடு எழும். அது தீர்ந்துகொள்ள ஒரு குறுக்குவழியைத் தேடும். அந்தக் குறுக்குவழி, மிக்சரையும் கணினியையும் இணைத்த ஒலிக்கம்பியின் செப்பு வலை! இவ்வாறு ஏர்த்திலிருந்து ஏர்த்துக்கு வட்டமாக ஓடுவதனாலேயே இதனைப் புவித்தொடுப்பு வளையம் என்பர்.

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. அந்த வலையின் தடை கால் ஓம் என்றும், அதிலோடும் மின்னோட்டம் இரண்டு மில்லி அம்பியர் என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் அரை மில்லிவோல்ட். இது என்ன பெரிய அளவா என்று கேட்கலாம். ஆனால் கணினியின் மைக் துளை எதிர்பார்ப்பதே சில மில்லிவோல்ட்தான்! அரை மில்லிவோல்ட் முரலல் அங்கே புகுந்தால், குரலோடு சேர்த்து அதனையும் கணினி பெருக்கிக் காட்டும்.

மிக்சரின் பிளக்கைப் பின்னறையிலிருந்து எடுத்து, முன்மண்டபத்துத் துளையொன்றில் எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றைச் செருகி, கணினியையும் மிக்சரையும் அதிலேயே அருகருகாகப் பூட்டினோம். இப்போது இரண்டுக்கும் ஏர்த் ஒன்றே. வண்டின் குரல் பத்திலொன்றாகக் குறைந்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. வீட்டில் முரலலாற் துன்புறுவோர் முதலிற் செய்து பார்க்கவேண்டியது இதுவே. இரண்டும் சிறிதளவு மின்சாரமே உண்பவை. ஆகையால் ஒரே கோட்டில் இருப்பதில் தீங்கில்லை. அதிலேயே மின்னழுத்தியையும் கேத்தலையும் பூட்டிவிட வேண்டாம்.

எஞ்சியதற்கு இரண்டு செய்தோம். மிக்சரின் ஒலி வலிமையானது; அதனை மைக் துளையிற் செருகுவது வெள்ளத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பாகும். கணினியின் பின்புறத்தில் நீலநிறத் துளை ஒன்று உண்டு. வலிய ஒலியை ஏற்பது அதுவே. கம்பியை அதற்கு மாற்றி, கணினியின் ஒலி அமைப்பில் மைக்கின் மிகைப் பெருக்கத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். மிக்சரிற் போதிய அளவு உயர்த்திக் கணினியிற் குறைப்பதே முறை. பலர் செய்வது இதன் மறுதலை. பின்னர் ஒலிக்கம்பியின் இடையிலே சிறு மின்மாற்றி கொண்ட தடுப்புப் பெட்டி ஒன்றைப் பூட்டினோம். இது ஒலியைக் காந்தத்தின் வழியாகக் கடத்திவிட்டு, இரு பக்கத்துச் செப்பு வலைகளையும் பிரித்து வைப்பது. வெட்டவேண்டிய இடம் இதுதான்: ஒலிக்கம்பியில் வெட்டலாம், உயிர் காக்கும் வயரில் வெட்டலாகாது. இதன்பின் காதை அருகில் வைத்தாலும் வண்டைக் காணோம்.

ஆயினும் வீட்டில் இரண்டு ஏர்த் தனித்தனியே இருப்பதை அப்படியே விட இயலாது. உரிய தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு, முன்மண்டபத்து ஏர்த்தைப் பிரதான பலகையோடு தடித்த வயரால் இணைப்பித்து, கிணற்றடிக் கோலின் தடையையும் கருவி கொண்டு அளப்பிக்கும்படி வீட்டாரிடம் வற்புறுத்தினோம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை நாமே அழுத்திப் பார்த்தோம், விழுந்தது. பல வீடுகளில் அந்தப் பொத்தான் பூட்டிய நாள் முதல் ஒரு விரலையும் கண்டதில்லை.

எல்லா இரைச்சலும் ஏர்த்தாற் பிறப்பதன்று. மடிக்கணினி வைத்திருப்போர் சார்ஜரைக் கழற்றி, மின்கலத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். இரைச்சல் நின்றால் வழி சார்ஜரே. சுட்டியை அசைக்கும்போதும் திரை நகரும்போதும் கீச்சென்று மாறும் ஒலி, கணினியின் உள்ளிருந்து கசிவது, யூ.எஸ்.பி. துளையிற் செருகும் தனி ஒலிக்கருவி பெரும்பாலும் அதனைத் தீர்க்கும். "டிட்டிட் டிட்டிட்" என்று விட்டுவிட்டு வருவது பக்கத்திலுள்ள கைத்தொலைபேசி. பழைய 2ஜி முறையில் அது விநாடிக்கு ஏறக்குறைய 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதாலேயே அப்படிக் கேட்கும். பல்லாண்டு உழைத்த ஒலிபெருக்கி, ஒன்றும் இணையாதபோதே முரன்றால், டைனமோ வானொலியின் நோய்தான் அதற்கும்: உள்ளே கொள்ளளவி உலர்ந்துவிட்டது. கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றாற் பிளக்குகள் களிம்பேறிக் கரகரப்பதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலிற் தோய்த்த பஞ்சினால் துடைத்தாற் போதும்.

காதால் அறிய முடியாதோர்க்கு ஒடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் உதவும். யாரும் பேசாத பத்து விநாடியைப் பதிந்து, அதன் நிறமாலையை வரையச் சொன்னால், 50, 100, 150 என்ற இடங்களில் ஊசிகள் எழுந்து நிற்கக் காணலாம். எழுந்தால் அது சுவர் மின்சாரத்தின் கைவேலை. சிறு ஒலிபெருக்கிகளால் 50ஐச் சரியாக ஒலிக்க முடியாது; நாம் கேட்பது பெரும்பாலும் 100உம் அதற்கு மேற்பட்டவையுமே. அதே மென்பொருளில், பதிந்தபின் இரைச்சலை அகற்றும் வசதியும் உண்டு. அந்த மாணவியும் அதனைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறாள். வண்டு போயிற்று, கூடவே அப்பப்பாவின் குரலிலிருந்த கரகரப்பும் போய், அவர் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆயிற்றாம். கெட்டுப்போன பதிவுக்கு அது கடைசி வைத்தியம். இனிப் பதிவதற்கு அன்று.

எல்லாம் முடிந்து மீண்டும் பதியத் தொடங்கியபோது, பதிவிலே இன்னும் ஏதோ ஒன்று இரைந்தது. ஏர்த்தையும் கம்பியையும் மறுபடி தடவிப் பார்த்தோம். பேத்திதான் மேலே அண்ணாந்து பார்த்தாள்: கூரையிலே மின்விசிறி. அதனை நிறுத்திவிட்டு, புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு, பெரியவர் அன்று முக்கால் மணி நேரம் யாழ்தேவியைப் பற்றிப் பேசினார்.